'போகிறேன்' என்று சொல்லும் கதாநாயகன்

நாலு பேரோடு பழகத் தெரியாத ஒருவனுக்குக் காதலும் கூடி, குடும்பமும் அமைகிற நகைச்சுவை நாவலைத் தொடங்குகிறவர்கள் முதல் எபியிலேயே (இணையத் தொடரில் ஒரு அத்தியாயம்தான் எபி) ஒரு பட்டியல் போட்டுவிடுகிறார்கள். கண்ணைப் பார்த்துப் பேச மாட்டான். பொரியல் மேல் சாம்பார் பட்டால் எழுந்துவிடுவான். மூன்று தடவை கை கழுவுவான். பழைய ரேடியோ சேர்ப்பான். எட்டாவது எபிக்குள் பட்டியல் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் அதே கை கழுவலைத் திரும்பத் திரும்பக் காட்ட வேண்டியதுதான். 'அந்த லூசு ஹீரோ' என்று கமெண்டில் எழுத ஆரம்பித்துவிடுவார்கள். அதில் வாசகர் மேல் ஒரு தப்பும் இல்லை.

பட்டியலைக் கிழித்துவிட்டு அவனுக்கு ஒரே ஒரு கணக்கைக் கொடுங்கள். உலகத்தை அவன் எந்த விதியை வைத்துப் புரிந்துகொள்கிறான் என்பது ஒரு வரியில் அடங்க வேண்டும். அவன் செய்கிற அத்தனை கோணங்கித்தனமும் அந்த ஒரு வரியிலிருந்து முளைக்க வேண்டும். கிரேம் சிம்சியன் எழுதி 2013-ல் வந்த 'த ரோசி ப்ராஜெக்ட்' இதற்கு நல்ல பாடம். மெல்போர்னில் மரபியல் பேராசிரியராக இருக்கும் டான் டில்மன், மனைவி தேடுவதற்கு 16 பக்கக் கேள்வித்தாள் தயாரிக்கிறான். கேள்வியைச் சரியாகக் கேட்டால் விடை சரியாக வரும் என்பது அவன் விதி. எந்தக் கிழமை என்ன சமையல் என்று வாரத்துக்கு அட்டவணை போட்டிருப்பதும், எதிரே வருகிற ஆளை உடல் எடைக் குறியீட்டால் அளப்பதும் அதே மரத்தின் கிளைகள். எழுதியவர் முன்பு தகவல் தொழில்நுட்பத்தில் தரவு வடிவமைப்பு ஆலோசகராக இருந்தவர். அப்படி யோசிக்கிறவர்களைக் கிட்ட இருந்து பார்த்திருப்பார்.

அந்தக் கேள்வித்தாள் காமெடியை அப்படியே தமிழுக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் எடுபடாது. மேட்ரிமோனி படிவத்தை நிரப்பிய எவருக்கும் 16 பக்கம் ஒரு பெரிய விஷயமே இல்லை. உயரம், நிறம், சம்பளம், கோத்திரம், சொந்த வீடா வாடகை வீடா என்று இங்கே ஊரே கேள்வித்தாளோடுதான் சுற்றுகிறது. நம் நாயகன் தடுமாற வேண்டிய இடம் வேறு. படிவத்தில் அவன் முதல் மார்க் வாங்குவான். பெண் பார்க்கப் போன வீட்டில், "காபில சக்கரை போதுமா தம்பி?" என்று கேட்டதும் "இல்லை, குறைவாக இருக்கிறது" என்று உண்மையைச் சொல்லித் தோற்பான்.

வெறும் விதியாகப் பேசினால் கைக்குப் பிடிபடாது. ஒரு ஆளை வைத்துப் பார்ப்போம். பெயர் திருநாவுக்கரசு, சுருக்கமாக அரசு, வயது 34, தொழிலாளர் துறையில் முத்திரை ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசும் எடைக்கல்லும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து முத்திரை போடுவது வேலை. மின்னணுத் தராசுக்கு வருடம் ஒரு தடவை, எடைக்கல்லுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. 'சொன்ன அளவும் கொடுத்த அளவும் ஒன்றாக இருக்க வேண்டும்' என்பது அவன் விதி. பொருளுக்கும் அதுதான், பேச்சுக்கும் அதுதான். நாயகி அபிராமி, 29, டெல்டா பக்கம் ஒரு ஊரில் அப்பாவோடு பலகாரக் கடை நடத்துகிறாள்.

தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போது அவசரப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் இன்ஜினியர் என்று போட்டால் அவன் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பானே தவிர, காட்சி நடக்காது. தினமும் புது ஆட்களைச் சந்தித்தே தீர வேண்டிய வேலையாகவும், அவன் விதி அங்கே நியாயமானதாகவும் இருக்க வேண்டும். மீட்டர் ரீடிங் எடுப்பவர், நில அளவையர், ரத்த வங்கி டெக்னீஷியன் எல்லாம் இதற்குத் தோதான ஆட்கள்.

முதல் சந்திப்பில் தராசில் ஒரு கிலோ சோதனைக் கல்லை வைக்கிறான். 990 கிராம் காட்டுகிறது. அப்படியென்றால் கிலோவுக்குப் பத்துப் பத்து கிராம் கூடுதலாகவே வாடிக்கையாளருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றவில்லை, ஏமாந்துகொண்டிருக்கிறார். அவன் அங்கேயே ஒரு தாளில் போடுகிறான்: ஒரு நாள் விற்பனை 40 கிலோ, இழப்பு 400 கிராம். வருடத்துக்கு 300 நாள் என்றால் 120 கிலோ. கிலோ 400 ரூபாய் என்றால் 48,000 ரூபாய். தாளை அவளிடம் நீட்டுகிறான். அவனைப் பொறுத்தவரை அது அறிக்கை. வாசகருக்கு மட்டும் அது காதல் கடிதம். இரண்டும் ஒரே தாளில் இருப்பதுதான் இந்த வகை நாவலின் அடிப்படைத் தொழில்நுட்பம்.

அவனே சொல்வதாக எழுதினால் இப்படி வரும்:

"அவர் தாளை இரண்டு முறை படித்தார். பிறகு ஒரு மைசூர்பாகைத் தட்டில் வைத்து என் பக்கம் நகர்த்தினார். எடை போட்டேன். 62 கிராம். 'சாப்பிடக் குடுத்தேன் சார்' என்றார். ஆய்வின்போது கடைப் பொருள் எதையும் பெறக் கூடாது என்று விளக்கினேன். அவர் முகம் சிவந்தது. அடுப்புக்கு அருகில் நின்றதால் இருக்கலாம்."

கடைசி வரியைப் பாருங்கள். அவன் பார்த்தது சரி, சொன்ன காரணம் தப்பு. பார்வையிலேயே தப்பு வைத்தால் (அவள் சிவந்ததையே கவனிக்கவில்லை என்றால்) வாசகரிடம் எதுவும் வந்து சேராது. எல்லாவற்றையும் துல்லியமாகக் கவனிப்பான், முடிச்சுப் போடும்போது மட்டும் கோட்டைவிடுவான். இந்த வித்தையைப் பக்கத்துக்கு ஒரு தடவைக்கு மேல் செய்தால் அலுத்துவிடும். நாலு தடவைக்கு ஒரு தடவையாவது அவன் கணக்கு சரியாகவும் ஊரின் கணக்கு தப்பாகவும் இருக்க வேண்டும். அபிராமியின் அப்பா லேசாக இருமுவதைப் 'பனி' என்று வீடே விட்டுவிட்டபோது, பதினோரு நாளாக இருமுகிறார், மாவு சலிக்கும் நேரத்தில்தான் அதிகம் என்று எண்ணி வைத்திருப்பவன் அவன் ஒருவன்தான். அங்கேதான் சிரித்துக்கொண்டிருந்த வாசகர் அவன் பக்கம் சாய்கிறார்.

அவன் பார்வையில் ஒரு எபி, அவள் பார்வையில் ஒரு எபி என்று மாற்றி மாற்றிப் போடுவது இணையத் தொடர்களில் இப்போது வழக்கம். இந்தக் கதைக்கு அது ஆகாது. 'அவனை அவளுக்குப் பிடித்துவிட்டது' என்று அவள் வாயால் ஒரு தடவை வந்துவிட்டால், அடுப்புச் சூட்டு வரிக்கு ஒரு வேலையும் இல்லாமல் போய்விடும். அவள் குரல் கண்டிப்பாக வேண்டும் என்றால் பிற்பாதியில் ஒரே ஒரு எபி, அதுவும் அவன் கூட இல்லாத நாளாகப் பார்த்து வையுங்கள்.

பேச்சுமொழிக்கு வருவோம். இங்கே தமிழ் எழுதுகிறவருக்குப் பல மொழிக்காரர்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் தனித்தனியாக இருப்பதால், ஆள் வித்தியாசமானவன் என்பதை ஒரு விகுதியிலேயே காட்டிவிடலாம். எல்லோரும் "வந்துட்டேன்" என்கிற வீட்டில் ஒருவன் மட்டும் "வந்துவிட்டேன்" என்றால் போதும். இதில் கை மீறினால் மேடைப் பேச்சாளர் மாதிரி ஆகிவிடும், சினிமாவில் தமிழ் ஐயாவைக் கேலி செய்கிற பழைய வாடையும் வந்துவிடும். மூன்று அடையாளம் போதும்: வினைமுற்றை முழுங்க மாட்டான், நேரத்தையும் எண்ணையும் தோராயமாகச் சொல்ல மாட்டான், 'சும்மா' என்ற சொல்லைப் பயன்படுத்த மாட்டான். "சும்மாதான் வந்தேன்" என்று அவள் அலுவலக வாசலில் நிற்கும்போது, எந்த வேலையும் இல்லாமல் 14 கிலோமீட்டர் ஏன் வந்தார் என்று அவன் உண்மையாகவே குழம்ப வேண்டும். முப்பதாவது எபி வாக்கில் ஒரு நாள் அவனே அந்தச் சொல்லைச் சொல்லட்டும்.

பேச்சில் வைக்கிற ஒரு நகைச்சுவையை நாவல் முழுக்க இழுக்க வேண்டுமானால் மூன்று தடவை வையுங்கள். இரண்டு என்றால் தற்செயல் மாதிரி இருக்கும், ஐந்து என்றால் தொல்லை. உதாரணத்துக்கு விடைபெறுவது. அபிராமியின் அப்பாயி திண்ணையில் இருக்கிறார். தராசுக்கு முத்திரை போட்டு முடித்துவிட்டு அரசு கிளம்புகிறான்.

"போகிறேன்."

"ஐயய்யோ, போய்ட்டு வரேன்னு சொல்லுய்யா."

"திரும்பி வர வேண்டிய தேவை இல்லைங்க அம்மா. அடுத்த ஆய்வு அடுத்த வருடம்தான்."

இது முதல் தடவை. அவன் விதிப்படி 'வரேன்' என்பது கொடுக்காத அளவைச் சொல்வது. இரண்டாவது தடவை, பழகிய பிறகு, ஒரு சமரசத்துக்கு வருகிறான்: "போய்விட்டு வருகிறேன், வியாழக்கிழமை நாலரை மணிக்கு." அப்பாயி அதற்கே பூரித்துப்போகிறார். மூன்றாவதை எங்கே வைப்பது என்பதைப் பிரிவுக் காட்சிக்கு வரும்போது பார்ப்போம். முதல் இரண்டையும் பத்து எபி இடைவெளிக்குள் வைத்துவிடுங்கள். அதைவிடத் தள்ளிப் போனால் வாரத் தொடராகப் படிக்கிறவருக்கு முதல் தடவை மறந்திருக்கும்.

முறைப்பெயரையும் கதை நகர்வாகவே பயன்படுத்தலாம். யார் யாரை எந்த எபியில் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று தனியாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்பா அவனை 'சார்' என்று ஆரம்பித்து, தீபாவளி நேரத்தில் 'தம்பி' ஆக்கி, ஒரு கோபத்தில் மறுபடி 'சார்' ஆக்குவார். அந்த இரண்டாவது 'சார்' ஒரு அறைக்குச் சமம். அதற்குமேல் வசனமே தேவைப்படாது. அபிராமி 'சார்'-ஐ விட்டுவிட்டு எதுவும் சொல்லிக் கூப்பிடாமல், "இங்க பாருங்க" என்றே ஒப்பேற்றும் ஒரு காலம் வர வேண்டும். நிஜத்தில் எல்லா வீட்டிலும் அந்தக் காலம் உண்டு, கதைகளில்தான் பாதிப் பேர் எழுதுவதில்லை. கைப்பிரதிகளில் அடிக்கடி கண்ணில் படுகிற தப்பு, பன்னிரண்டாம் எபியில் 'நீங்க' என்றவள் பதிமூன்றில் 'நீ' என்று பேசிவிட்டு, பதினான்கில் மறுபடி 'நீங்க'வுக்குப் போவது. எழுதியவரின் மறதி அங்கே உறவின் குழப்பமாகத் தெரியும்.

குடும்பத்துக்குள் அவனைக் கொண்டுவர காதலை வாசலாக வைக்காதீர்கள். வேலையை வாசலாக வையுங்கள். கெயில் ஹனிமன் எழுதிய 'எலினார் ஒலிஃபண்ட் இஸ் கம்ப்ளீட்லி ஃபைன்' 2017-ல் வந்தது, அந்த ஆண்டு காஸ்டா முதல் நாவல் பரிசும் பெற்றது. கிளாஸ்கோவில் தனியாக வாழும் எலினாரும் அலுவலகத்தில் கணினி பார்த்துக்கொள்ளும் ரேமண்டும் தெருவில் விழுந்து கிடக்கும் ஒரு முதியவருக்கு உதவுகிறார்கள். அந்த முதியவரின் குடும்பம் வழியாகத்தான் அவளுக்கு மனிதர்கள் கிடைக்கிறார்கள். ரேமண்டோடு காதலா நட்பா என்று நாவல் அடித்துச் சொல்வதில்லை. அது சொல்லாததால் நாவலுக்கு ஒரு குறையும் வரவில்லை. யாரும் யாரையும் காதலிக்க முடிவெடுப்பதற்கு முன்னாலேயே தட்டு வைத்துச் சாப்பாடு போட்டுவிட வேண்டும் என்பதுதான் அங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது.

நம் கதையில் அது தீபாவளிப் பலகார ஆர்டர். கடையில் ஆள் பற்றவில்லை. அரை கிலோப் பெட்டி 600 போட்டு முடிக்க வேண்டும். விடுப்பு நாளில் வந்த அரசு எடை போடுகிற பக்கம் உட்கார்கிறான். அவன் கைக்கு வந்த பெட்டி ஒவ்வொன்றிலும் பலகாரம் மட்டும் 500 கிராம். வேகம் பாதிதான், ஆனால் ஒரு பெட்டி திரும்பி வரவில்லை. வீட்டில் ஒவ்வொருவருக்கும் அவனிடம் ஒரு சின்னத் தேவை இருக்க வேண்டும்: அப்பாயிக்கு மாத்திரைச் சீட்டைப் படித்துச் சொல்ல ஆள், தம்பிக்கு அரியர் பேப்பர், அப்பாவுக்குத் தான் பேசும்போது குறுக்கே பேசாத ஒரு ஜீவன். நாலு பேருக்கு மேல் வேண்டாம். பெரியப்பா, அத்தை, ஒன்றுவிட்ட அண்ணன் என்று பத்துப் பேரை இறக்கினால் யாருக்கும் முகம் இருக்காது.

பெரும்பாலான கைப்பிரதிகள் படுத்துவிடும் இடம் பிரிவு. கதை நாலில் மூன்று பங்கு நகர்ந்ததும் ஒரு பிரிவு வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். உடனே ஒரு மாமன் மகள், தப்பாகப் புரிந்துகொண்ட போன் கால், பாதி கேட்ட பேச்சு. பழகத் தெரியாதவனின் கதையில் இது இரட்டைத் துரோகம். எதையும் நேராகக் கேட்டுவிடுகிறவன் என்று முப்பது எபி சொன்னவன், இப்போது மட்டும் கேட்காமல் ஏன் போகிறான்? அவனுடைய எந்தக் குணத்தை அவள் விரும்பினாளோ, பிரிவு அதே குணத்திலிருந்து வர வேண்டும்.

அபிராமியின் சித்தப்பாவும் அதே தெருவில் கடை வைத்திருக்கிறார். அவர் அட்டைப் பெட்டியோடு சேர்த்துத்தான் எடை போடுவார். பலகாரத்தின் நிகர எடைக்குத்தான் காசு வாங்க வேண்டும் என்பது சட்டம். பெட்டி 60 கிராம் என்றால், அரை கிலோவுக்குக் காசு கொடுத்தவர் கையில் 440 கிராம்தான் இருக்கும். புகார் வருகிறது. அரசு போகிறான், வழக்குப் பதிகிறான். அவள் வீட்டுக் கடைக்கு 48,000 ரூபாய் கணக்குப் போட்டுக் கொடுத்த அதே நேர்மை இன்று சித்தப்பாவின் ஷட்டரை இறக்குகிறது. அவளுக்கு அவன் செய்தது சரி என்று தெரியும், வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதும் தெரியும். வில்லன் யாரும் இல்லை. இப்படி இரண்டு பக்கமும் நியாயம் இருந்தால்தான் பிரிவு நாலைந்து எபி தாங்கும். போன் கால் பிரிவு ஒரு எபிக்குமேல் நிற்காது, வாசகரே 'போய்ச் சொல்லித் தொலைடா' என்று கத்துவார்.

கிளம்பும்போது திண்ணையில் அப்பாயி. அவனுக்குப் பணியிட மாற்றம் வந்திருக்கிறது. முகம் கொடுத்துப் பேச வீட்டில் ஆள் இல்லை. இங்கேதான் அந்த மூன்றாவது. "வரேன்" என்கிறான். கிழமை இல்லை, மணி இல்லை, 'வருகிறேன்' கூட இல்லை. கொடுக்க முடியுமா என்று தெரியாத அளவை முதல் தடவையாகச் சொல்கிறான். 'அவன் மாறிவிட்டான் என்று அப்பாயிக்குப் புரிந்தது' என்று ஒரு வரி சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்த்தால் முப்பது எபி உழைப்பும் போச்சு.

மாற்றத்துக்கும் ஒரு அளவு உண்டு. கடைசி எபியில் அவன் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டில் குத்தாட்டம் போட்டால், இதுவரை நேசிக்க வைத்த ஆளை நீங்களே கொன்றுவிட்டீர்கள். அவன் இரண்டு விஷயம் கற்றுக்கொள்ளட்டும், அவளும் இரண்டு கற்றுக்கொள்ளட்டும். சித்தப்பா கடையில் காலிப் பெட்டியைத் தராசில் வைத்துச் சுழியாக்கும் வழக்கம் வரட்டும். நாயகியைத் தாதியாக்கிவிடாமல் இருக்கவும் இதே கணக்குதான் உதவும். அவனைத் 'திருத்துவது' மட்டுமே அவள் வேலை என்றால் அது காதல் கதை இல்லை, சிகிச்சைக் குறிப்பு. கடையைப் பெரிதாக்குவதோ, தராசைப் பார்த்துப் பயப்படாமல் கணக்கு எழுதுவதோ, அவளுக்கென்று தனியாக ஒரு ஆசை வேண்டும். அரசு இல்லாவிட்டாலும் அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆட்டிசம் என்று பெயர் வைப்பதா வேண்டாமா என்ற கேள்வி எப்போதும் வரும். டான் டில்மன் கதையின் தொடக்கத்தில் ஆட்டிச வகையான ஆஸ்பெர்கர் பற்றி ஒரு உரையே நிகழ்த்துகிறான், தன்னைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று தெரியாமல். பெயர் சூட்டாமலேயே நாவல் நடக்கிறது. 'த கிஸ் கோஷண்ட்' (2018) எழுதிய ஹெலன் ஹோவாங் அதற்கு நேர் எதிர்: நாயகி ஸ்டெல்லாவுக்கு ஆட்டிசம் என்று வெளிப்படையாகவே வைத்தார். எழுதியவரும் பெரியவரான பிறகு அந்தக் கண்டறிதலைப் பெற்றவர். தெரிந்து எழுதினால் பெயர் வைக்கலாம். கூகுளில் அறிகுறிப் பட்டியல் எடுத்து எழுதுவதாக இருந்தால் பெயரை விட்டுவிடுவதே மரியாதை. எப்படி எழுதினாலும் சிரிப்பு அவன் தர்க்கமும் ஊர் வழக்கமும் மோதுகிற இடத்தில் பிறக்கட்டும். திக்குவதைப் பார்த்தும், கை நடுங்குவதைப் பார்த்தும் பிறக்கக் கூடாது.

பழகத் தெரியாதவளாகப் பெண்ணை வைத்தால் வேலை இன்னும் கடினம். ஆண் பேசாமல் இருந்தால் 'பாவம், கூச்ச சுபாவம்' என்று விடுகிற அதே உறவுக்காரர்கள், பெண்ணை ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்: திமிர். அந்தச் சொல்லை முதல் மூன்று எபிக்குள் யாராவது ஒருவர் வாயில் போட்டுவிடுங்கள். வாசகர் தானாக அதை நினைப்பதற்கு முன் கதையே சொல்லிவிட்டால், அவர் அவளுக்காக வாதாட ஆரம்பிப்பார்.

நீளத்தைப் பொறுத்தவரை எபிக்கு 1,500 சொல் வீதம் 40 எபி, 60,000 சொல் இந்தக் கதைக்குத் தாராளம். முதல் சந்திப்பு இரண்டாம் எபிக்குள், வீட்டுக்குள் முதல் சாப்பாடு பத்துக்குள், தீபாவளி நடுவில், வழக்கு முப்பது வாக்கில். வாரம் மூன்று யூடி (புது எபி) போடுகிறவர்கள் குறைந்தது பன்னிரண்டு எபியாவது கையிருப்பு வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. முப்பதாம் எபியில் தேவைப்படுகிற ஒரு 'சும்மா'வை ஆறாம் எபியில் நடத் தோன்றும்போது, ஆறாம் எபி ஏற்கெனவே வெளியே போயிருக்கும். இருபதாம் எபி வாக்கில் 'ஹீரோ எப்பதான் ரொமான்டிக்கா மாறுவார்?' என்று கமெண்ட் வரும். அதைப் பார்த்து அவசரமாக ஒரு மழைக் காட்சி எழுதுகிறவர்கள் உண்டு. அவன் மழையில் நனைந்தால் கைப்பையிலிருக்கும் சோதனைக் கற்கள் ஈரமாகுமே என்றுதான் ஓடுவான். அவளும் கூட ஓடட்டும், கல்லைப் பிடித்துக்கொண்டு.

எபிலாக் என்று வளைகாப்பு, இரட்டைக் குழந்தை, ஐந்து வருடம் கழித்து ஊட்டி எல்லாம் இந்தக் கதைக்குச் சுமை. அரசு திரும்பி வருகிற காட்சியோடு நிறுத்திவிடலாம். வியாழக்கிழமை, நாலரை மணி. அப்பாயி எதையும் கேட்கவில்லை. தட்டில் ஒரு மைசூர்பாகு வருகிறது. அவன் அதை எடை போடாமல் வாயில் போட்டுக்கொள்கிறான்.

"எத்தன கிராம் இருக்கும்?" என்கிறாள் அபிராமி.

"அறுபதுக்குக் கொஞ்சம் மேல."